களவு போகாத பேரிக்காய்

என் அக்கா புருஷன் சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தெட்டுப் பேருடைய மனசைப் படிப்பார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் அத்தனை பேரும் தினம் நாட்குறிப்பு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து அவர் மேசையில் அடுக்க வேண்டும். சனிக்கிழமை அவர் ஒரு குவளைக் காப்பியை வைத்துக்கொண்டு உட்காருவார். கடைசி நோட்டை மூடும்போது காப்பி ஆறிப் போயிருக்கும், கண் சிவந்திருக்கும்.

பாதிரியார் கோன்ராட் டேனிக்கர் என்று அவர் பேரைச் சொன்னால் ஏரிக்கரைச் சீமை முழுக்கத் தெரியும். நல்ல சபையை விட்டுவிட்டு, பழைய கன்னியர் மடத்தில் அரசாங்கம் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர். கணக்கும் இலக்கணமும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், தன் பாவத்தை அறியாதவன் பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாணவர்களோடு சேர்ந்து வயலில் மண் கொத்துவார். அவர்கள் குடிக்கிற பார்லிக் கஞ்சியைத்தான் குடிப்பார். அக்கா நெஞ்சு நோயில் போனபின் சமையலறையையும் உக்கிராணத்தையும் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே தங்கிவிட்டேன். அவரைக் கெட்டவர் என்று யாராவது என் முன்னால் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் அவரிடம் ஒரு கர்வம் இருந்தது. தன் மாணவன் ஒவ்வொருவனுடைய உள்ளமும் தனக்கு அத்துப்படி என்று நினைத்தார்.

முதல் வருஷத்துப் பிள்ளைகள் வந்த புதிதில், "இன்று உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தோம். மதியம் கணக்குப் பாடம். தூங்கினேன்" என்று எழுதுவார்கள். பக்கத்தில் சிவப்பு மையால், "உன் உள்ளம் எங்கே?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் உள்ளம் வந்துவிடும். பொறாமை, சோம்பல், வீண் பெருமை எல்லாம் பக்கம் பக்கமாக வரும், கண்ணீரோடு. பாதிரியார் அதைப் படித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் வந்து, "நல்ல பிள்ளைகள், ரெகுலா" என்பார்.

மெல்கியோர் ஆப்லிக்கு மட்டும் அது வரவே இல்லை. அவன் ஒரு நெசவுக்காரியின் மகன். கஞ்சி அடிப்பிடித்திருந்தால் மற்றவர்கள் பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். இவன் ஒருவன்தான், "அடிப்பிடிச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பான். முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு எதையும் அவனிடம்தான் கேட்பேன். அவன் போன வருஷம் வசந்தத்தில் நாட்குறிப்பில் எழுதினான்: "இன்றும் ஜெபித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கேட்பவர் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை." சிவப்பு மை போயிற்று. அடுத்த வாரமும் அதையே எழுதினான். ஏழு வாரம் எழுதினான். பாதிரியார் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், மன்றாடினார், கடைசியில் அவிசுவாசம் என்று காரணம் போட்டுக் கல்விக் குழுவுக்கு எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மெல்கியோரின் ஊரில் பழைய வாத்தியார் இறந்துபோனார். ஊர்க்காரர்கள் ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே நின்று, மெல்கியோர் ஆப்லிதான் எங்கள் வாத்தியார் என்று கை தூக்கினார்கள். ஒரு கைகூட எதிராக இல்லை. ஆனால் சட்டப்படி அவன் ஆசிரியர் சான்றிதழ்ப் பரீட்சையில் தேற வேண்டும், அதுவும் ஈஸ்டருக்குள். தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். வெளியே போனவனும் பரீட்சை எழுதலாம், பள்ளித் தலைவர் நன்னடத்தைப் பத்திரம் கொடுத்தால். அதைக் கேட்டு ஊர்த்தலைவர் எழுதிய கடிதம் பிப்ரவரி மாதம் வந்தது. பாதிரியார் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார்.

நான் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"அத்தான், ஒரு கையெழுத்துதானே. போட்டாக் கை தேஞ்சா போயிடும்?"

அவன் திருந்திவிட்டானா என்று தெரியாமல் எப்படிப் போடுவது என்றார். மனந்திரும்புதல் என்றால் எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவினார். மூன்றாம் வருஷத்துக் காஸ்பருடையது, நவம்பர் மாதத்துப் பக்கம். வாய்விட்டுப் படித்தார்.

"நேற்று மாலை பரண்மேல் ஏறி, உலர்த்தி வைத்திருந்த பேரிக்காயில் ஒரு கைப்பிடி எடுத்துத் தின்றேன். ரெகுலா அம்மாளின் உழைப்பைத் திருடினேன். படுக்கையில் விழுந்து அழுதேன். ஆண்டவரே, இந்தக் கையை நான் என்ன செய்வேன்?"

படிக்கும்போது அவர் குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "இவன்கிட்ட பிள்ளைங்களை நம்பி விடலாம்" என்றார்.

என் பரணில் பேரிக்காய் கிடையாது. போன மே மாதம் பூத்த சமயத்தில் உறைபனி விழுந்து பேரிமரமெல்லாம் கருகிவிட்டது. ஏரிக்கரை முழுக்க ஒரு பேரிக்காய் இல்லை. உலர்த்துகிற தட்டுகள் காலியாகக் கிடக்க வேண்டாமே என்று அவரைக்காய் விதையைக் கொட்டி வைத்திருந்தேன். அத்தானுக்கு இது தெரிய நியாயமில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. நான் காஸ்பரைத் தேடி வெளியே வந்தேன்.

காஸ்பர் முற்றத்தில் தண்ணீர்ப் பம்பை அடித்துக்கொண்டிருந்தான். என் பரணில் ஏறிப் பேரிக்காய் தின்றாயாமே, ருசியாக இருந்ததா என்று கேட்டேன். வெளுத்துப் போனான். பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"காம்பரைக் கேளுங்கம்மா," என்றான். "எனக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. பாத்துக் காப்பி பண்றதோட சரி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்குத் தண்ணீர் முறை காஸ்பருடையது இல்லை, ஊல்ரிஹ் காம்பருடையது. யோசித்துப் பார்த்தால் மூன்று வருஷத்தில் காம்பர் பம்பைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

காம்பர் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தான். ஆள் ஒல்லி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேரிக்காய் விஷயத்தைச் சொன்னேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவனோ தச்சன் கோணல் வெட்டு வெட்டிவிட்டது போல வருத்தப்பட்டான்.

"நவம்பர்ல பரண்ல பேரிக்கா இல்லாத வீடு நம்ம சீமையில உண்டாம்மா? ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பனி விழுந்ததை மறந்துட்டேன். ஆப்பிள்னு போட்டிருக்கலாம்."

"எத்தனை பேருக்குடா எழுதறே?"

"எங்க வகுப்புல என்னையும் சேத்து எட்டு. கீழ் வகுப்புல ஆறு பேர். மத்தவங்க எங்க நோட்டைப் பாத்து அவங்களே தேத்திக்கறாங்க."

வாரப் பாவத்துக்கு ஒரு முறை தண்ணீர் இறைக்க வேண்டும், அதுதான் கூலியாம். ஒருவனுக்கு எழுதியது இன்னொருவனுக்கு வந்துவிடாமலிருக்கத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தான். இந்தப் பருவத்தில் காஸ்பருக்குப் பெருந்தீனி, இன்னொருவனுக்குக் கோபம், மற்றவனுக்குப் படிப்பில் கர்வம். பெரிய பாவமாக இருந்தால் ஐயா வெளியே அனுப்பிவிடுவார், பாவமே இல்லாவிட்டால் சிவப்பு மை வரும், சின்னப் பாவமாகவும் அழுகை நிறையவும் இருந்தால் சந்தோஷப்படுவார் என்று எனக்கு விளக்கினான். உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று நான் யாருக்காவது சொல்வேனே, அந்தச் சாதாரணக் குரலில். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"மெல்கியோருக்கு?" என்று கேட்டேன்.

காம்பர் கத்தியைக் கீழே வைத்தான். "அவன் கேக்கலைம்மா. நானாப் போய்ச் சொன்னேன். கூலி வேண்டாம், தண்ணி இறைக்க வேண்டாம், சும்மா எழுதித் தர்றேன், அழுதேன்னு ஒரு வரி போட்டுக்கோன்னேன். இருக்கறதை எழுதிட்டுப் போறேன்னான். அப்படியே எழுதினான், போயிட்டான்."

ஆக இருபத்தெட்டு நோட்டிலும் நிஜத்தை எழுதியவன் ஒரே ஒருவன். அவனைத்தான் வெளியே தள்ளியிருக்கிறோம். மற்ற இருபத்தேழையும் படித்துவிட்டு அத்தான் கண் கலங்கியிருக்கிறார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். எனக்குக் காம்பரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அல்லாடினேன். சொன்னால் பரீட்சைக்கு நிற்கிற எட்டுப் பேருடைய பிழைப்பு போய்விடும். அவர்களைப் பெற்றவர்களும் சொத்துபத்து உள்ளவர்கள் இல்லை. சொல்லாவிட்டால் மெல்கியோர் தறியிலேயே கிடப்பான். திங்கட்கிழமை காலையில் அத்தான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

பேரிக்காய் இல்லை என்றதும், அப்படியானால் அந்தப் பையன் பக்கத்து வீட்டுப் பரணில் ஏறியிருப்பான், வெட்கப்பட்டு நம் வீடு என்று எழுதியிருப்பான் என்றார். அவ்வளவு நம்பிக்கை. பக்கத்து வீட்டிலும் பேரிக்காய் இல்லை, இந்தச் சீமையிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, பம்பு முதல் பட்டியல் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து மூன்று வருஷத்து நோட்டுகளையும் இறக்கித் தரையில் பரப்பினார். மண்டியிட்டு ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். கையெழுத்து வேறு வேறு. வாக்கியம் போகிற போக்கு ஒன்று. இப்போது அது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியே தரையில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லி, அவனவன் பாவத்தையும் சொல்லி, முழங்கால்ல நின்னு ஜெபிச்சேனே ரெகுலா. மூணு வருஷம். யாரும் பண்ணாத பாவத்துக்கா?"

அக்கா செத்தபோதுகூட அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் வரை அறையை விட்டு வரவில்லை. வந்தபோது கையில் அரக்கு முத்திரை வைத்த ஓர் உறை இருந்தது. மெல்கியோரின் நன்னடத்தைப் பத்திரம், நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். எட்டுப் பேரும் பரீட்சை எழுதட்டும், யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றார். தலைநகரத்தில் பாதிரியார்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்கிற கூட்டம் பெருகிவிட்டது, இது வெளியே தெரிந்தால் மடத்துக்கே பூட்டுப் போடுவார்கள் என்பதும் நிஜம்தான். நாட்குறிப்பு வழக்கத்தையாவது இத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்துக் கேட்டேன்.

"எழுதட்டும்," என்றார். "திடீர்னு நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க."

அதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பத்திரம் கையில் இருந்தது. அவர் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று முக்காட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த பாதையில் இரண்டு மணி நேர நடை. ஆப்லி வீட்டில் தறி நிலவறையில் இருந்தது. ஈரம் இருந்தால்தான் நூல் அறாது. மெல்கியோர் ஒரு தறியில், அவன் அம்மா இன்னொரு தறியில். அவளுக்கு இருமல். ஒரு வருஷத்தில் அவனும் இருமக் கற்றுக்கொண்டிருந்தான். உறையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு முத்திரையை உடைத்தான். சிரித்தபடிதான் படிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. பிறகு எனக்காக வாய்விட்டுப் படித்தான்.

"மேற்படி மெல்கியோர் ஆப்லி தன் அவிசுவாசத்தை உணர்ந்து, என் முன்னிலையில் கண்ணீரோடு மனந்திரும்பினார் என்பதற்கு நானே சாட்சி."

அம்மாவின் தறி நின்றது.

"நான் எப்பம்மா அழுதேன்?" என்று கேட்டான் மெல்கியோர். "அவரைப் பாத்தே ஒரு வருஷம் ஆச்சே."

அத்தான் பொய் எழுதுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சூடான கரண்டியை எடுத்திருப்பேன். மெல்ல மெல்லத்தான் கணக்கு விளங்கியது. அவன் ஏன் போனான் என்பது கல்விக் குழுவின் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அந்தக் காரணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் அவனை உள்ளே விட முடியாது. வேறு மாதிரி எழுதினால் பேரிக்காய் வரைக்கும் சொல்ல வேண்டி வரும். அதைத்தான் திக்கித் திக்கி மெல்கியோரிடம் சொன்னேன். அவன் காகிதத்தை மடித்து என் பக்கம் நீட்டினான். பள்ளிக்கூடம், ஈஸ்டர், அந்த இருமல் எல்லாம் என் கண் முன்னால் வந்தது. நான் அதை வாங்கவே இல்லை.

"ஒரு வரிதானேப்பா. எல்லாரும்தான் எழுதறாங்க. நீ எழுதக்கூட இல்ல, அவர் எழுதியிருக்கார். பேசாம வாங்கி வெச்சுக்கோ."

"காம்பரும் இதையேதான் சொன்னான்," என்றான்.

அவன் அம்மாதான் பேசினாள், திரும்பிப் பார்க்காமலேயே. "வாங்கிக்கோடா. அம்பது பிள்ளைங்க வாத்தியார் இல்லாம இருக்கு." இருமல் வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டது. மெல்கியோர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்? திரும்பி வருகிற வழியெல்லாம், சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டபோதுகூட, சாதித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் வந்தேன்.

பரீட்சை, ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பாடுகளின் வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. கல்விக் குழுவிலிருந்து இரண்டு கனவான்கள் வந்திருந்தார்கள். பரீட்சை தொடங்குமுன் எழுதப்போகிறவர்களில் ஒருவன் எழுந்து சொந்த வார்த்தையில் ஜெபம் செய்ய வேண்டும். யார் என்பதைத் தலைவர் அந்த நேரத்தில்தான் சொல்வார். நான் காப்பிப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மெல்கியோர் ஆப்லி," என்றார்.

மெல்கியோர் எழுந்து நின்றான். தலையைக் குனிந்தான். எனக்கு வராது ஐயா என்று அவன் சொல்லிவிட்டு உட்காரப்போகிறான், பிழைப்பு போகப்போகிறது என்று பயந்தேன். அதையேதான் சொல்ல வேண்டும் என்று அதே நொடியில் ஆசையும்பட்டேன். அவன் ஆரம்பித்தான்.

இருட்டில் அலைந்த என்னை, ஆண்டவரே, என்று ஆரம்பித்தான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. எங்கே குரல் தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். "கேட்பவர் இல்லை என்றேன், கேட்டுக்கொண்டே இருந்தீர்" என்றபோது கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கனவான்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காம்பர் கண்ணைத் திறந்து அவனையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் எழுதிக் கொடுத்தது இல்லை.

ஆமென் சொன்னதும் அத்தான் நடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிழவர் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தியா ரெகுலா? நான் எழுதினது பொய் இல்ல. ஆண்டவர் அதை உண்மையாக்கிட்டார்."

கையிலிருந்த பாத்திரம் சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் அதை நம்பினார். அந்த நோட்டுகளை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்த மனிதர், ஐந்து வாரத்தில், மறுபடியும் நம்பினார்.

மெல்கியோர் முதலாவதாகத் தேறினான். சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கிளம்பியபோது நான் வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். மூச்சு வாங்கியது. வாழ்த்துகூடச் சொல்லாமல் கேட்டேன்.

"ஜெபம் பண்ணினியே, அப்போ நிஜமாவே ஏதாவது தோணிச்சா?"

அவன் நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கனவான்கள் கைகுலுக்கியபோது சிரித்தானே, அதே பதமான சிரிப்பு.

"தோணிச்சும்மா," என்றான்.

அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் இருபத்தெட்டுப் பேரில் ஒருவன் சொன்னால் நான் யோசிக்காமல் நம்புவேன் என்றால் அது இவன்தான். இனிமேல் இவன் சொல்வதையும் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பார்த்தாலும் தெரியாது. அவன் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தான். அந்தக் காகிதத்தை இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.